ஒட்டகத்தின் கடைசி வேலை

ராஜஸ்தான் டூர் பேக்கேஜ் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். ஜெய்ப்பூரில் ஆரம்பிப்பார்கள், ஜோத்பூர் கோட்டையைக் காட்டுவார்கள், நாள் மிச்சமிருந்தால் உதய்ப்பூர் ஏரி. பெரும்பாலும் கடைசி நாள் ஜெய்சல்மேர். அந்தக் கடைசி நாளின் சாயங்காலம் ஒட்டகச் சவாரி! ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் என்ற கிராமம். அங்கே மணல்மேடுகள். ஜீப் கொண்டுபோய் இறக்கிவிடும். கழுத்தில் மணி, மூக்கில் கயிறு, முதுகில் கலர் கலராகத் துணி விரித்த சேணம் என்று அலங்காரத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒட்டகங்களில் ஒன்றைக் காட்டி ஏறச் சொல்வார்கள். அரை மணி நேரம்தான். மேட்டின் உச்சி வரை போய், சூரியன் மறைவதைப் பார்த்து, போட்டோ எடுத்து, இறங்கி, டென்ட்டில் டீ குடித்து, நாட்டுப்பாட்டு கேட்டு, மறுநாள் ரயில். விடுமுறை முடிந்தது.

ஏறியவர்களுக்கு மறக்காமல் நிற்பது சூரியன் இல்லை, ஒட்டகம் எழுந்து நிற்கும் அந்த ஐந்து விநாடிதான். முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும். மேலே இருப்பவர் தலைகுப்புற முன்னால் சாய்வார். பிறகு முன்னங்கால்கள். இப்போது பின்னால் சாய்வார். அலறல், சிரிப்பு. அதற்குப் பிறகு நடை. ஒட்டகம் ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் சேர்ந்தாற்போல் எடுத்து வைக்கும் மிருகம், அதனால்தான் அந்தத் தொட்டில் ஆட்டம்.

இவ்வளவுதான் பலருக்கும் ஒட்டகம். ஆனால் அறுபது எழுபது வருடங்களுக்கு முன்னால் வரை இதே ஊரில் ஒட்டகத்தின் மேல் யாரும் பொழுதுபோக்குக்காக ஏறவில்லை. அது லாரி, அது தண்ணீர் டேங்கர், அது தபால் வண்டி, அது போர்க்குதிரை, அது ஏர்மாடு. அத்தனை வேலையும் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய், மிஞ்சியவற்றில் கண்ணில் படும் வேலை இந்த அரை மணி நேரம்தான். எப்படிப் போயிற்று என்பது ஒரு நல்ல கதை.

தார் பாலைவனத்துக்கு ஒட்டகம் வந்தேறிதான். ஒற்றைத் திமில் ஒட்டகத்தை மனிதன் முதலில் பழக்கியது அரேபியாவில், கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன். அங்கிருந்து ஈரான், சிந்து என்று கிழக்கே பரவியது. (தமிழுக்கும் ஒட்டகம் புதுசு இல்லை. தொல்காப்பிய மரபியலிலேயே ஒட்டகத்தின் பெட்டையைப் பற்றிய பேச்சு வருகிறது. ஒட்டகம் திரியாத நாட்டில் இலக்கணப் புத்தகத்துக்குள் அது புகுந்திருக்கிறது என்றால் வியாபாரம் எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும்!)

ராஜஸ்தான் கிராமத்து ஜனங்களைக் கேட்டால் அரேபியா என்று சொல்ல மாட்டார்கள். பாபூஜி கொண்டு வந்தார் என்பார்கள். பாபூஜி, 14ஆம் நூற்றாண்டில் மார்வார் பகுதியில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு ராஜபுத்திர வீரர், இன்று தெய்வம். அவர் கதையை நீளமான ஒரு துணி ஓவியத்தை விரித்து வைத்து, இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில் பாடுவார்கள். அந்தக் கதைப்படி பாபூஜி தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சீராக ஒட்டகங்கள் தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். மார்வாரில் ஒட்டகமே கிடையாது. எங்கே இருக்கிறது? இலங்கையில்! ராவணனிடம்! கடல் தாண்டிப் போய், சண்டை போட்டு, செம்பழுப்பு நிறப் பெண் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வருகிறார். வேவு பார்க்க முன்னால் போனவர் ஹர்மல் என்ற ரைகா ஜாதிக்காரர். நம்ம ஊர் வாசகர்களுக்கு ராவணன் ஒட்டகம் வளர்த்தது ஆச்சரியமாக இருக்கலாம், கதைக்கு நிலவியல் தேவையில்லைதானே.

அந்த ரைகா என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரபாரி என்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்ப்பதே தொழிலாகக் கொண்ட சமூகம். பார்வதி விளையாட்டாக மண்ணில் ஒரு விசித்திரப் பிராணியைச் செய்ய, சிவன் அதற்கு உயிர் கொடுத்தார், அது அட்டகாசம் செய்யவே அதை மேய்க்க முதல் ரைகாவைப் படைத்தார் என்பது அவர்களுடைய பிறப்புக் கதை. அதனால் ஒட்டகம் அவர்களுக்கு வெறும் சொத்து கிடையாது. கறிக்கு விற்பதில்லை. பெண் ஒட்டகத்தை ஜாதிக்கு வெளியே கொடுப்பதில்லை. பாலைக் காசுக்கு விற்பதே பாவம். பிறகு பிழைப்பு எப்படி? ஆண் கன்றுகளை வளர்த்து, சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வேண்டுகிறவர்களுக்குச் சந்தையில் விற்பார்கள். புஷ்கர் சந்தை போன்ற இடங்கள் அப்படித்தான் வளர்ந்தன. அதாவது, ஒட்டகத்துக்கு வெளியே வேலை இருக்கும் வரைதான் ரைகாவுக்குச் சோறு. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வேலைக்கு ஒரு காலத்தில் பஞ்சமே இல்லை. ஜெய்சல்மேர் என்ற ஊரே ஒட்டகம் கட்டிய ஊர் என்று சொல்லலாம். 1156ல் ராவல் ஜைசல் என்ற பட்டி ராஜபுத்திர மன்னர் ஒரு குன்றின் மேல் மஞ்சள் கல்லில் கோட்டை எழுப்பினார். சுற்றிலும் விளைச்சல் நிலம் கிடையாது. மழை எப்போதாவது. பின் எதை நம்பி அங்கே ஒரு ராஜ்யம்? வழியை நம்பி. குஜராத், மால்வா பக்கமிருந்து சிந்துவுக்கும் அதற்கு அப்பால் மத்திய ஆசியாவுக்கும் போகும் வியாபாரக் கூட்டங்கள் அந்தப் பக்கம்தான் கடக்க வேண்டும். தண்ணீர், பாதுகாப்பு இரண்டையும் கொடுத்துவிட்டுச் சுங்கம் வாங்கிக்கொள்ளலாம். (கொடுக்காதவனைக் கொள்ளையடிக்கவும் செய்யலாம். பட்டி மன்னர்கள் இரண்டையும் செய்தார்கள்.)

அந்த வழியில் வண்டிக்கு வேலை இல்லை, சக்கரம் மணலில் புதையும். குதிரைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஒட்டகம் 150, 200 கிலோ சுமந்து ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் போகும், வழியில் கிடைக்கும் முள்ளைத் தின்னும். அது திமிலில் தண்ணீர் சேமிக்கிறது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தது தப்பு. திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீர் ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. 1950களில் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சஹாராவுக்கே போய் உட்கார்ந்து ஒட்டகங்களை அளந்து பார்த்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பத்தைக் காலையில் 34 டிகிரிக்கு இறக்கி, மத்தியானம் 40, 41 வரை ஏற விட்டுவிடுகிறது. மனிதனுக்கு அது கடும் காய்ச்சல். ஒட்டகத்துக்கு அது சிக்கனம், வேர்க்கத் தேவையில்லை. உடல் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீரை இழந்தாலும் ஒட்டகம் சாகாது. தண்ணீரைக் கண்டதும் பத்தே நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடித்துச் சரிசெய்துகொள்ளும். நாமோ எடையில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் போனாலே பிழைப்பது கஷ்டம்.

ஜெய்சல்மேரில் இன்று எல்லோரும் போய் வாயைப் பிளந்து பார்க்கும் பட்வா ஹவேலி இந்த வியாபாரத்தின் உச்சகட்டம். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒரு வணிகக் குடும்பம் கட்டிய ஐந்து மாளிகைகள். கல்லா மரமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஜன்னல் வேலைப்பாடு. அந்தக் காலத்தில் ஜெய்சல்மேர் வழியாகப் போன சரக்குகளில் பெரும் பணம் தந்தது ஒன்று உண்டு. கைடுகள் எல்லோரும் அதை அழுத்திச் சொல்வதில்லை. அபின்! வங்காளத்தில் அபின் ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் ஏகபோகம். மால்வாவில் விளைந்த அபினோ கம்பெனியின் கைக்கு முழுசாக அடங்கவில்லை. மால்வாவிலிருந்து பாலி, ஜெய்சல்மேர், கராச்சி என்று ஒட்டகத்திலேயே போய், அங்கிருந்து கப்பலில் போர்த்துகீசியர் கையிலிருந்த டாமன், பிறகு சீனா. கம்பெனியின் கண்ணில் மண்ணைத் தூவியது, சொல்லப்போனால், தார் மணல்தான்.

1843ல் பிரிட்டிஷார் சிந்துவைப் பிடித்தார்கள். அந்த வழி அடைபட்டது. சரக்கு பம்பாய் துறைமுகத்துக்குத் திரும்பியது. அப்புறம் ரயில் வந்தது, அதுவும் ஜெய்சல்மேரைத் தொடாமல் வேறு பக்கமாகப் போயிற்று. வணிகக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்து கிளம்பின. நெடுந்தூர வியாபாரம் என்ற முதல் வேலை ஒட்டகத்தின் கையை விட்டு நழுவ ஆரம்பித்தது அப்போதுதான்.

இரண்டாவது வேலை யுத்தம். இங்கே கதை ஜெய்சல்மேரிலிருந்து வடகிழக்கே பீகானேருக்கு நகர வேண்டும். பீகானேர் மகாராஜா கங்கா சிங் இந்தக் கதையின் மிக சுவாரஸ்யமான மனிதர். 1887ல் பட்டத்துக்கு வந்தபோது அவர் ஏழு வயதுச் சிறுவன். 1889ல் அவர் பெயரில் 'கங்கா ரிசாலா' என்ற ஒட்டகப் படை ஆரம்பிக்கப்பட்டது. சாம்ராஜ்யத்தின் தேவைக்கு சமஸ்தானங்கள் செலவு செய்து வளர்த்த படைகளில் ஒன்று. 1900ல் சீனாவில் பாக்ஸர் கலகம் நடந்தபோது இந்தப் படை அங்கே போயிற்று, மகாராஜாவும் கூடவே போனார். பிறகு சோமாலிலாந்து. முதல் உலகப் போரில் எகிப்து. 1915ல் துருக்கியர்கள் சினாய் பாலைவனத்தைக் கடந்து சூயஸ் கால்வாயைப் பிடிக்க வந்தபோது, அந்தப் பாலைவனத்தில் ரோந்து சுற்றியவர்களில் பீகானேர் ஒட்டக வீரர்களும் இருந்தார்கள். தார் பாலைவனத்துக் கிராமத்தான் ஒருவன் தன் ஊர் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து இங்கிலாந்து ராஜாவுக்காக எகிப்தில் துருக்கியனைத் தேடிக்கொண்டிருந்தான் என்று நினைத்துப் பார்த்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. போர் முடிந்து 1919ல் வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர்களில் கங்கா சிங்கும் ஒருவர்.

ஆனால் இதே கங்கா சிங்தான் ஒட்டகத்தின் பிழைப்புக்கு வேட்டு வைத்த முதல் ஆள் என்றும் சொல்லலாம், நல்ல எண்ணத்தோடு! 1899-1900ல் ராஜஸ்தானைக் கொடும் பஞ்சம் தாக்கியது. விக்ரம ஆண்டு 1956 என்பதால் 'சப்பனியா' (ஐம்பத்தாறு) பஞ்சம் என்று இன்றும் கிழவர்கள் சொல்வார்கள். மனிதர்களும் மாடுகளும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அப்போது ஆட்சிப் பொறுப்பைக் கையில் எடுத்து ஓரிரு வருடமே ஆகியிருந்த இளம் மகாராஜாவுக்கு ஒரே எண்ணம்: தண்ணீர் கொண்டு வர வேண்டும். பஞ்சாபோடும் பிரிட்டிஷாரோடும் பல வருடங்கள் மல்லுக்கட்டி சட்லெஜ் நதியிலிருந்து கால்வாய் வெட்டினார். 1927ல் கங்கா கால்வாய் திறந்தது. பீகானேர் ராஜ்யத்தின் வடக்கு மூலையில் மணல் போய்க் கோதுமை வந்தது. ஒட்டகப் படை வைத்திருந்த ராஜா, ஒட்டகம் தேவைப்படாத நிலத்தை உண்டாக்கத் தொடங்கிவிட்டார். அதைக் குறை சொல்ல முடியுமா? பஞ்சத்தில் செத்தவர்களைப் பார்த்தவர் வேறென்ன செய்வார்.

சுதந்திரத்துக்குப் பிறகு கங்கா ரிசாலா, ஜெய்சல்மேரின் ஒட்டகப் படையோடு சேர்க்கப்பட்டு இந்திய ராணுவத்தின் கிரெனேடியர்ஸ் ரெஜிமென்ட்டில் ஒரு பட்டாலியன் ஆனது. 1965 போரிலும் களத்தில் இருந்தது. 1970களின் நடுவில் ராணுவம் ஒட்டகத்துக்கு விடை கொடுத்துவிட்டது. எல்லைப் பாதுகாப்புப் படை மட்டும் ஒட்டகத்தை விடவில்லை. குடியரசு தின அணிவகுப்பில் மீசை முறுக்கிக்கொண்டு ஒட்டகத்தின் மேல் டெல்லியில் போகிறவர்கள் அவர்கள்தான்.

இதற்கு நடுவில் 1947 வந்தது. ஜெய்சல்மேருக்கு மேற்கே ஒரு கோடு. அதுவரை சிந்து அந்நிய தேசம் இல்லை. கொண்டான் கொடுத்தான் உறவு, சந்தை, மேய்ச்சல் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆரம்பத்தில் கோடு அவ்வளவு இறுக்கமாக இல்லை. 1965 போருக்குப் பிறகு இறுகிவிட்டது. தெற்கே பார்மேர் பக்கம் முனாபாவ் வழியாக சிந்துவுக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலும் நின்றது. (2006ல் தார் எக்ஸ்பிரஸ் என்று திரும்ப ஓடியது, 2019ல் மறுபடி நின்றுவிட்டது.) வியாபாரத்துக்கு வழியாகப் பிறந்த ஊர், முட்டுச்சந்து ஆகிவிட்டது.

எல்லை என்றால் ராணுவம், ராணுவம் என்றால் ரோடு. 1965, 1971 இரண்டு போர்களும் ஜெய்சல்மேருக்குத் தார் ரோடு கொடுத்தன. 1960களின் கடைசியில் ரயிலும் வந்து சேர்ந்தது, எண்ணூறு வருடங்கள் தாமதமாக! சரக்கு லாரிக்கு மாறியது. அடுத்து தண்ணீர். பீகானேர் சமஸ்தானத்து இன்ஜினியர் கன்வர் செயின் 1948ல் போட்ட திட்டம், 1958ல் வேலை ஆரம்பித்தது. பஞ்சாபில் பியாஸும் சட்லெஜும் சேரும் ஹரிகே அணையிலிருந்து கிட்டத்தட்ட 650 கிலோமீட்டர் நீளம். ராஜஸ்தான் கால்வாய் என்று ஆரம்பித்து இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் மாறிய அந்தக் கால்வாயின் தண்ணீர் 1987ல் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்குள் வந்தது. தோல் பையில் தண்ணீர் நிரப்பி ஒட்டகத்தில் ஏற்றி மைல் கணக்கில் நடந்த பெண்களையும் ஆண்களையும் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்ட கஷ்டத்திலிருந்து விடுவித்தது என்பதை மறக்கக் கூடாது. ஒட்டகத்துக்காக அழுகிறவர்கள் ஊருக்கு வெளியே இருந்துகொண்டு அழுவது சுலபம். ஆனால் நடந்தது நடந்ததுதான். கால்வாய் பாய்ந்த இடமெல்லாம் மேய்ச்சல் நிலம் வயலாகி, வேலி போடப்பட்டு, ஒட்டகம் நுழையக் கூடாத இடமானது.

கொஞ்ச காலம் ஒட்டகத்துக்கு ஒரு புது வேலை கிடைத்தது. பழைய விமான டயர்களைப் பூட்டிய ஒட்டக வண்டி! விமானத்துக்குப் பயன்படாமல் கழித்த டயர், மணலில் புதையாமல் அருமையாக உருளும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ராஜஸ்தான் நகரங்களில் செங்கல், வைக்கோல், மரம் எல்லாம் இதில்தான் போயின. இந்தியாவில் ஒட்டகங்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதும் 1970களின் கடைசியில்தான், சுமார் 11 லட்சம். பிறகு டிராக்டர் வந்தது, டெம்போ வந்தது. அவ்வளவுதான்.

சரி, சவாரிக்கு வருவோம். வெளிநாட்டு ஹிப்பிகளும் ஊர்சுற்றிகளும் ஜெய்சல்மேரைக் கண்டுபிடித்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு வங்காளிச் சிறுவர் கதை! சத்யஜித் ராய் 1971ல் எழுதி 1974ல் படமாக எடுத்த 'சோனார் கெல்லா'. தங்கக் கோட்டை என்று அர்த்தம். முற்பிறவி ஞாபகம் வந்த ஒரு சிறுவன் பொன்னிறக் கோட்டை ஒன்றை வரைந்துகொண்டே இருக்கிறான். அது எங்கே என்று துப்பறியும் ஃபெலுடா ராஜஸ்தான் முழுக்க அலைகிறார். கோட்டை ஜெய்சல்மேரில். படம் வந்த பிறகு பூஜை விடுமுறை வந்தால் போதும், கல்கத்தாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜெய்சல்மேருக்குக் கிளம்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களே அதை 'சோனார் கிலா' என்று கூப்பிடும் அளவுக்கு.

அந்தப் படத்தில் ஒட்டகச் சவாரிக் காட்சி ஒன்று உண்டு. வில்லன்கள் ரோட்டில் கண்ணாடிச் சில்லைப் போட்டுக் காரைப் பஞ்சராக்குகிறார்கள். ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் வரும் ஒட்டகங்களை நிறுத்தி ஏறிக்கொள்கிறார்கள். கூட வரும் எழுத்தாளர் ஜடாயுவுக்கு ஒட்டகம் ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, கிட்டத்தில் பார்த்ததும் நடுக்கம். வங்காளத்தில் இன்றும் நினைத்து நினைத்துச் சிரிக்கும் காட்சி. கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். காரும் ரயிலும் கைவிட்ட இடத்தில் ஒட்டகம் அங்கே நிஜமாகவே ஒரு வாகனம். அதே சமயம் ஏறி உட்கார்ந்தவருக்கு அது வேடிக்கை. வேலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்தத் தருணத்தை ராய் தெரிந்தோ தெரியாமலோ படம் பிடித்துவிட்டார். அதே 1974 மே மாதம்தான் ஜெய்சல்மேர் மாவட்டத்து பொக்ரானில் இந்தியா முதல் அணுகுண்டைச் சோதித்தது. பாலைவனத்தின் பெயர் ஒரே வருடத்தில் இரண்டு விதமாக உலகத்துக்குப் போயிற்று.

1982ல் பேலஸ் ஆன் வீல்ஸ் ஓட ஆரம்பித்தது. சம், குரி கிராமங்களில் டென்ட்டுகள் முளைத்தன. ஆரம்பத்தில் சஃபாரி என்றால் நிஜமாகவே மூன்று நான்கு நாள் பயணம், இரவில் மணலில் படுக்கை, ஒட்டகக்காரர் சுடும் கம்பு ரொட்டி. போகப் போக இரண்டு நாள், ஒரு நாள், அரை மணி நேரம் என்று சுருங்கி, இப்போது ஒட்டகத்துக்குப் பக்கத்திலேயே ஜீப்பும் மணல் பைக்கும் போட்டிக்கு நிற்கின்றன. சவாரித் தொழிலுக்கும் சீசன் உண்டு: அக்டோபர் முதல் மார்ச் வரை. மற்ற மாதங்களிலும் ஒட்டகம் சாப்பிடத்தானே வேண்டும்?

சுற்றுலாதான் ஒட்டகத்தைக் காப்பாற்றுகிறது என்று டென்ட் முதலாளிகள் சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சவாரிக்குப் பழக்குவது பெரும்பாலும் ஆண் ஒட்டகத்தை. சம் மணல்மேட்டில் நிற்பவை மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. குட்டி போடும் பெண் ஒட்டகங்கள் எல்லாம் பாலி, பார்மேர், பீகானேர் பக்கத்து மேய்ச்சல்காரர்களிடம் இருக்கின்றன. அங்கே எந்த டூரிஸ்டும் போவதில்லை. சுற்றுலா வளர்ந்த அதே வருடங்களில்தான் எண்ணிக்கை சரிந்தது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 4 லட்சம். 2019ல் சுமார் இரண்டரை லட்சம், அதில் ராஜஸ்தானில் 2 லட்சத்துப் 13 ஆயிரம். ஏழு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி.

இதில் கொடுமையான திருப்பம் அரசாங்கத்தின் உபகாரம்தான். 2014ல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். 2015ல் சட்டம் வந்தது: ஒட்டகத்தைக் கொல்லக் கூடாது, அனுமதி இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. கறிக்காகக் கடத்துவது நிஜமாகவே நடந்துகொண்டுதான் இருந்தது. பக்ரீத் சமயத்தில் சென்னை வரைக்கும் ஒட்டகங்கள் வந்தன; 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் ஒட்டகம் அறுப்பதற்குத் தடை போட்டதும் நினைவிருக்கலாம். ஆனால் ராஜஸ்தான் சட்டம் கடத்தல்காரனையும் உழவனையும் ஒரே கயிற்றில் கட்டியது. ஹரியானாவிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வண்டிக்கு ஒட்டகம் வாங்க வந்தவர்களும் வழக்குக்குப் பயந்து வருவதை நிறுத்தினார்கள். சந்தையில் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. ரைகாவின் வரவு ஆண் கன்று விற்பதில் இருந்தது என்று மேலே பார்த்தோம் அல்லவா? அதுவும் போயிற்று. விற்க முடியாத மிருகத்தை யார் வளர்ப்பார்கள்? 2016ல் ஒரு குட்டி பிறந்தால் தவணை தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் என்று அரசு திட்டம் போட்டது. பெண் ஒட்டகம் பதின்மூன்று மாதம் சுமந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு குட்டி போடும். அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் பத்தாயிரம் எந்த மூலைக்கு?

இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு போட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. ஆனால் ஒட்டகம் என்றால் அலங்காரத்தோடு மணல்மேட்டில் நிற்கும் சின்னம் என்று பார்க்கிறவர்கள் போட்ட சட்டம் மாதிரிதான் இருக்கிறது. ஒட்டகத்தின் பின்னால் ஒரு குடும்பம் வருடம் முழுக்க நடக்கிறது என்பது அந்தப் படத்தில் வருவதில்லை.

மேய்ச்சலுக்கும் இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆரவல்லி மலையில் கும்பல்கட் காட்டுக்குள் மழைக்காலத்தில் மந்தையை ஓட்டிப் போவது ரைகாக்களின் பழைய வழக்கம். சரணாலயம் ஆன பிறகு அதற்குத் தடை. ஜெய்சல்மேர் பக்கம் 'ஓரண்' என்று சாமிக்கு விட்ட பொதுக்காடுகள் உண்டு. கிளை ஒடிக்க மாட்டார்கள், மேய்க்கலாம். அந்த நிலங்களில் காற்றாலையும் சூரிய மின் பலகைகளும் வந்தபோது கிராமத்தார் போராட வேண்டியிருந்தது.

மிச்சமிருப்பது பால். எதை விற்பது பாவம் என்று முன்னோர்கள் சொன்னார்களோ, அதுவே இப்போது வழி. பீகானேரில் மத்திய அரசின் ஒட்டக ஆராய்ச்சி மையம் ஒன்று 1984லிருந்து இருக்கிறது, அங்கே போனால் ஒட்டகப் பால் ஐஸ்கிரீம்கூடக் கிடைக்கும். இல்ஸே கோலர்-ரோலஃப்சன் என்ற ஜெர்மன் கால்நடை மருத்துவர் 1990களில் ஆராய்ச்சிக்காக வந்தவர், ரைகாக்களோடு அங்கேயே தங்கிவிட்டார். பாலி மாவட்டத்தில் அவரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து ஒட்டகப் பால் பண்ணை நடத்தி வருகிறார்கள். 2016ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒட்டகப் பாலுக்குத் தரம் நிர்ணயித்தது. 2019ல் அமுல் நிறுவனம் குஜராத்தில் பாட்டிலில் போட்டு விற்க ஆரம்பித்தது. கட்ச் பகுதி மேய்ச்சல்காரர்களுக்கு அது கொஞ்சம் கை கொடுத்தது. ராஜஸ்தானில் பால் வாங்கும் ஏற்பாடு அந்த அளவுக்குப் பரவவில்லை. மந்தை இருக்கும் இடத்துக்கும் பால் குளிரூட்டும் இடத்துக்கும் நடுவில் பெரிய தூரம். மந்தையோ ஒரு இடத்தில் நிற்பதும் இல்லை.

ரைகா இளைஞர்கள் பலர் ஊரை விட்டு நகரத்துக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். சிவப்புத் தலைப்பாகை, வெள்ளை வேட்டியோடு மந்தைக்குப் பின்னால் நடப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். எந்த ஒட்டகம் எந்தத் தாய்க்குப் பிறந்தது, அதன் பாட்டி யாருடைய மந்தை என்று ஏழெட்டுத் தலைமுறைக்கு அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். அது எந்தக் கணக்கெடுப்பிலும் எழுதப்படவில்லை.